கண்டக்டர் ஆலோசகரான கதை

டெய்லரின் அண்ணனுக்கு மறதி வந்த பிறகு கிடைத்த மரியாதையில் கால்வாசிகூட, எல்லாம் நினைவிருந்த காலத்தில் அவருக்குக் கிடைத்ததில்லை. அப்போது அவர் பஸ் கண்டக்டர். சில்லறை இல்லை என்று சொன்ன பாவத்துக்கு ஊரே அவரைத் திட்டியிருக்கிறது. இப்போது அவர் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசகர். கழுத்தில் அட்டை, முன்னால் நீள மேசை, மேசைமேல் மூடி போட்ட தண்ணீர் பாட்டில். மூடியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதுதான் அவருக்கு மறந்துவிட்டது.

இது எப்படி நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. வரிசை தப்பினால், நிலையத்தார் பேசுவதுதான் நியாயம் என்று யாருக்காவது தோன்றிவிடக்கூடும்.

அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வீடு. முன்னறையில் தையல் கடை, பின்னறையில் குடித்தனம். அண்ணன் கல்யாணம் என்ற ஸ்டாப்பில் இறங்காமலே போய்விட்டவர். தம்பியின் மனைவி காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணனுக்குத் தம்பி, தம்பிக்குத் தையல் மெஷின் என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் அண்ணனுக்குச் சாவி வைத்த இடம் மறந்தது. பிறகு சாவி எதற்கு என்பது மறந்தது. பிறகு தான் ஓய்வு பெற்றுவிட்டதே மறந்துபோனது. அதுதான் வினையாக முடிந்தது.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் காக்கிச் சட்டையை மாட்டுவார். தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "டூட்டிக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார். ஒருநாள் டிப்போவிலிருந்து கூட்டி வந்தார்கள். இன்னொரு நாள் ஓடுகிற பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்க, அசல் கண்டக்டருக்கும் இவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, பயணிகள் எல்லாம் இவர் பக்கம் பேசினார்களாம். மற்றொரு நாள் நடுரோட்டில் நின்று லாரியை நிறுத்தப் பார்த்தார். அன்றைக்குத்தான் டெய்லர் போய்ப் பூட்டு வாங்கினார்.

பூட்டுக்கு முன்னால் விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு என்றால் போகலாம். வீட்டிலும் அதுதான் சட்டம். டெய்லர் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு விசில் கேட்டால், காலை எடுத்துவிட வேண்டும். ஏறுகிறவர்கள் ஏறி, இறங்குகிறவர்கள் இறங்கி முடித்ததாக அண்ணனுக்குத் திருப்தி ஏற்பட்டு, இரண்டு விசில் வந்த பிறகுதான் மறுபடி மிதிக்கலாம். ஆரம்பத்தில் டெய்லர் சண்டை போட்டுப் பார்த்தார். "ஆள் ஏறிக்கிட்டு இருக்கும்போது வண்டிய எடுக்கறியே, நீயெல்லாம் டிரைவரா?" என்று அண்ணன் அழுதுவிட்டார். அதற்குப் பிறகு டெய்லர் ஒழுங்கான டிரைவராகிவிட்டார். ஒரு சட்டைக்கு எட்டு ஸ்டாப்.

துணி கொடுக்க, அளவெடுக்க, பட்டன் வாங்க என்று டெய்லர் வெளியே போயாக வேண்டும். போகும்போது வெளியே பூட்டினார். முதல் நாள், தெருமுனை திரும்புவதற்குள், கதவை உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. "ஸ்டாப்பு வந்துடுச்சுங்க! கதவத் திறங்க! உள்ள ஆளுங்க இருக்காங்க!"

எதிர்க்கடை இஸ்திரிக்காரர் தேய்க்கிற பெட்டியை நிறுத்தாமல், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டுப் பார்த்தார். டெய்லர் திரும்பி வந்ததும் கேட்டார்.

"ஏன் டெய்லரே, அது வீடா, லாக்கப்பா?"

"என்னய்யா பண்ணச் சொல்றே? உன் கடையில உக்கார வச்சுப் பாத்துக்கறியா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. இவரு விசில் அடிச்சா நா பெட்டியத் தூக்கணும். ரெண்டாவது விசில் வர்றதுக்குள்ள சட்டையில ஓட்ட விழும்."

டெய்லர் சிரிக்கத்தான் பார்த்தார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன்தான் அவரை வளர்த்தவர். கண்டக்டர் சம்பளத்தில் முதல் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தவர். அவரை உள்ளே வைத்துப் பூட்டும்போது கை கூசியது. பூட்டாமல் போகலாமென்றால் லாரி வந்து நின்றது, கண்ணுக்குள்.

ஆஸ்பத்திரி டாக்டர்தான் ஒரு வழி சொன்னார். நினைவுநல ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே மறதிக்காரர்களுக்குப் பகல் இல்லம் ஒன்று திறக்கப் போகிறார்கள். காலையில் விட்டால் சாயங்காலம் கூட்டி வரலாம். நர்ஸ்கள் உண்டு, சுற்றுச்சுவர் வைத்த தோட்டம் உண்டு. எல்லாம் ஓர் ஆராய்ச்சிக்காக. "சீக்கிரம் போய் எழுதிக் குடுங்க, இடம் கொஞ்சம்தான்" என்றார்.

டெய்லர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மறுநாளே போனார். வாசலில் பெரிய எழுத்தில் 'மறந்தவரை மறவோம்' என்று எழுதியிருந்தது. ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியில் இருந்த பெண், அண்ணனைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அண்ணனைப் பார்த்து யாரும் எழுந்து நின்று டெய்லர் பார்த்ததில்லை; பஸ்ஸில் இறங்குகிறவர்களைத் தவிர.

"வாங்க சார், வாங்க! உங்களமாதிரி ஒருத்தரத்தான் தேடிக்கிட்டே இருந்தோம்." டெய்லர் பக்கம் திரும்பினாள். "இவர் உங்களுக்கு என்ன வேணும் சார்?"

"அண்ணன்மா. பகல் இல்லத்துல சேக்கணும்."

"தாராளமா. ஆனா ரெண்டு விதமா சேரலாம் சார். பங்கேற்பாளராவும் சேரலாம், ஆலோசகராவும் சேரலாம். எது போடட்டும்?"

டெய்லர் தலையைச் சொறிந்தார். அவருடைய தொழிலில் யாராவது இரண்டு துணியைக் காட்டினால் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அதையே கேட்டார்.

"ரெண்டுல எதும்மா ஒசத்தி?"

"ஆலோசகர்தான் சார் ஒசத்தி. அவர் சொல்றபடிதான் நாங்க ஆராய்ச்சியே பண்ணுவோம்."

"அப்ப அதுவே போட்டுடுங்க."

துணி வாங்குகிறவன் கடையில் இப்படிச் சொன்னால், "சாயம் போகுமா?" என்று கூடவே கேட்கச் சொல்லி எத்தனையோ பேருக்கு டெய்லரே புத்தி சொல்லியிருக்கிறார். தனக்கென்று வந்தபோது கேட்கவில்லை.

முதல் கூட்டத்துக்கு நிலையத்து வண்டியே வீட்டு வாசலுக்கு வந்தது. இஸ்திரிக்காரர் தெருவில் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். கூட்டம் மேல்மாடியில். நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி கதவுகள். கூட்ட அறை எது என்று கண்டுபிடிக்க டெய்லருக்கே மூச்சு வாங்கியது. கண்ணாடி போட்ட பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மறதி உள்ளவர் அண்ணன் ஒருவர்தான்.

"முன்ன ஒரு ஆலோசகர் இருந்தார் சார்" என்று ஒருங்கிணைப்பாளர் டெய்லரின் காதில் சொன்னாள். "ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்ல. மூணையும் தொடர்ந்து மறந்துட்டார். மறந்தா விலகினதா அர்த்தம்னு விதி. அதான் இப்ப வண்டி அனுப்பறோம். இனிமே யாரும் மறக்கவே முடியாது."

அண்ணன் உட்கார மறுத்துவிட்டார். டூட்டியில் இருக்கும்போது அவர் உட்கார்ந்ததில்லை. நாற்காலிகளுக்கு இடையே நடந்து, ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் பிடித்துப் பிடித்துப் போனார். இயக்குநர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, பல வருஷமா நாம மறதி உள்ளவங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டு வர்றோம். ஒருத்தரக்கூட நேர்ல பாத்ததில்ல. பாத்தா முடிவு ஒரு பக்கமா சாஞ்சிடுமோன்னு ஒரு பயம். இப்ப நிதி குடுக்கறவங்க, மேசையில ஒருத்தராவது இருக்கணும்னு விதி போட்டுட்டாங்க. அந்த விதி வந்த அன்னைலேர்ந்து, இவங்க மேல எனக்கு இயல்பாவே ஒரு மரியாதை சுரந்திருக்கு. இனி இவங்கள நோயாளின்னு யாரும் சொல்லக் கூடாது. 'நினைவுப் பயணி'ன்னுதான் சொல்லணும்."

பயணி என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணன் விறைப்பானார். "பயணிங்கல்லாம் டிக்கெட் எடுத்தாச்சா? முன்னாடி எடம் இருக்கு, உள்ள போங்க. வழியில நின்னு பேசாதீங்க. போங்க, போங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"'முன்னாடி இடம் இருக்கு.' இதைவிட நம்ம துறையோட எதிர்காலத்த யாரால சொல்ல முடியும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணனும் தட்டினார்.

அடுத்து, போன கூட்டத்தின் நடவடிக்கைகளை ஆலோசகர் உறுதி செய்ய வேண்டும் என்றார்கள்.

"அவர் போன கூட்டத்துக்கே வரலீங்களே" என்றார் டெய்லர்.

"பரவாயில்ல சார்" என்றாள் ஒருங்கிணைப்பாளர். "வந்திருந்தாலும் நினைவிருக்காது இல்லயா? விதிப்படி ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணன் உறுதி செய்தார். பிறகு நிலையத்தின் சின்னம் ஊதாவா நீலமா என்பது விவாதத்துக்கு வந்தது. சாயங்காலம்வரை அது முடியவில்லை. நடுவில் அண்ணன் ஒரு விசில் அடித்தார். டெய்லர் தன்னையறியாமல் காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டார். மற்றவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

கலையும்போது டெய்லர் மெதுவாகக் கேட்டார். "பகல் இல்லத்துக்கு எப்பலேர்ந்துமா விடலாம்?"

"யாரை சார்?"

"எங்க அண்ணனத்தான்."

"ஐயோ சார், அவர் ஆலோசகராச்சே!" அவள் உண்மையாகவே பதறினாள். "பகல் இல்லம் பங்கேற்பாளர்களுக்கு. ஆராய்ச்சி எப்படி இருக்கணும்னு சொல்றவரே, ஆராய்ச்சிக்குள்ள வந்து உக்கார முடியாது. நடுநிலை போயிடும். நீங்க டெய்லர், உங்களுக்குச் சொல்லணுமா? கத்தரி பிடிக்கறவரே துணியா இருக்க முடியுமா?"

"அப்ப அவரத் துணியாவே போட்டுடுங்கம்மா. ஒசத்தி வேணாம்."

"அதுக்கு அவர் ராஜினாமா பண்ணணும் சார். அவரே, தானா, முழுசாப் புரிஞ்சு, கூட்டத்துல வாய்விட்டுச் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது. அது அவர் குரல்."

அடுத்த கூட்டம்வரை டெய்லர் பாடம் நடத்தினார். சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்.

"அண்ணே, 'எனக்கு இந்தப் பதவி வேணாம், நா விலகிக்கறேன்'னு சொல்லு."

"ஏன் விலகணும்?"

"சும்மா சொல்லுண்ணே."

"சர்வீஸ் இன்னும் பாக்கி இருக்குடா. யாராவது கம்ப்ளெயின்ட் எழுதிட்டாங்களா?"

"யாரும் எழுதலண்ணே."

"அப்ப எதுக்கு?"

நல்ல கேள்விதான். ஆனாலும் டெய்லர் விடவில்லை. கூட்டத்து நாள் காலையில் அண்ணன் அந்த வாக்கியத்தைத் தப்பில்லாமல் சொன்னார். வண்டியிலும் சொன்னார். மாடிப்படியில் பாதி சொன்னார். கூட்ட அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட, அந்தச் சத்தத்தில் வாக்கியம் எங்கோ இறங்கிவிட்டது.

இயக்குநர் கேட்டார். "ஐயா, நீங்க ராஜினாமா பண்ண விரும்பறதா கேள்விப்பட்டோம். உண்மையா?"

அண்ணனின் முகம் போன போக்கை டெய்லரால் பார்க்க முடியவில்லை.

"ராஜினாமாவா? என்னையா?" அவர் கை, தோல்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "நா ஒரு டிக்கெட்டு முன்னப்பின்ன கிழிச்சதில்லீங்களே. யார் என்ன சொன்னாங்க? எந்தப் பயணியாவது வந்து என் முகத்துக்கு நேரா சொல்லட்டும்ங்க. தம்பிய வேற வளக்கணும்ங்க. சின்னப் பையன்."

அறுபது வயதுச் சின்னப் பையன், அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்து, அதைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"இதுதான் நண்பர்களே, குரல்!" என்றார் இயக்குநர். "விலகச் சொல்லி வீட்டுல வற்புறுத்தியும், நம்ம ஆலோசகர் நெஞ்ச நிமித்தி நிக்கறார். குரலை அடக்கப் பாக்கற பராமரிப்பாளருங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்களுக்குப் பயிற்சி தேவை."

ராஜினாமா ஏற்கப்படவில்லை. அண்ணனின் பதவி நீட்டிக்கப்பட்டது. 'குரலை மதிக்கும் பராமரிப்பாளர்' என்ற பயிற்சிக்கு டெய்லர் வர வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

பயிற்சி மத்தியான நேரத்தில். ஆலோசகர்களை அழைத்து வர அனுமதி இல்லை. அதனால் டெய்லர் அண்ணனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மறதி உள்ளவர்களை ஏன் பூட்டி வைக்கக் கூடாது என்று கற்றுக்கொள்ளப் போனார். மூன்றாம் வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். மூடிய கதவு, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. டெய்லர் பையிலிருந்த சாவியை வெளியே தெரியாமல் அமுக்கிக்கொண்டார். முடிவில் அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

"எங்க போயிட்டு வர்றீங்க?" என்றார் இஸ்திரிக்காரர்.

"பாடம் படிக்க."

"என்ன பாடம்?"

"பூட்டக் கூடாதுன்னு."

இஸ்திரிக்காரர் கதவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், டெய்லரைப் பார்த்தார். வாய்க்கு வந்த கேலியை என்ன நினைத்தாரோ, விழுங்கிவிட்டார். "கரி அணையுது" என்று பெட்டியை விசிறப் போய்விட்டார்.

பகல் இல்லம் ஒருவழியாகத் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் ஆலோசகர்தான். வேறு யாருக்கு அந்தத் தகுதி? ரிப்பன் வெட்டக் கொடுத்த கத்தரி மொண்ணையாக இருந்தது. டெய்லர்தான் பின்னால் நின்று கை கொடுத்தார். புகைப்படத்தில் அவர் கை வந்துவிட்டதால் இன்னொரு தடவை ரிப்பன் கட்டி வெட்ட வைத்தார்கள்.

உள்ளே அவ்வளவு நன்றாக இருந்தது. அகலமான ஜன்னல்கள். வெயில் தரையில் விரித்த துணி மாதிரி கிடந்தது. ஜன்னல் ஓரமாக, இரண்டிரண்டாக, ஒரே பக்கம் பார்த்த நாற்காலிகள், நடுவில் நடக்க வழி. சக்கரம் கழற்றிய பஸ் போல. அண்ணன் வாசலிலேயே நின்று, முன்னும் பின்னும் பார்த்தார். முகம் தெளிந்தது. எத்தனையோ மாதங்களாக டெய்லர் பார்க்காத தெளிவு. நடுவழியில் நடந்து போய், முதுகு சாய்க்க வசதியான ஒரு நாற்காலியின் முன் நின்றார். திரும்பி வந்து டெய்லரின் கையைப் பிடித்தார்.

"பெரியவரே, வாங்க. இங்க ஒக்காருங்க."

"அண்ணே, நாந்தாண்ணே..."

"ஒக்காருங்கன்றேன்." தோளை அமுக்கி உட்கார வைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, அந்தக் காலத்து உச்சக் குரலில் சொன்னார். "இவருக்கு எடம் குடுங்கப்பா! ரொம்ப தூரத்துலேர்ந்து நின்னுக்கிட்டே வர்றாரு. காலெல்லாம் வீங்கிப் போயிருக்கு, பாருங்க. யாருமே எழுந்து எடம் குடுக்கலியே, மனுஷங்களா நீங்க? எனக்கு வேணாம். நா நின்னுப்பேன், பழக்கம்தான்."

டெய்லர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். மெஷின் மிதித்து மிதித்து வீங்கித்தான் இருந்தன. அவரே கவனித்ததில்லை. எல்லோரும் திரும்பி அந்தக் கால்களைப் பார்த்தார்கள். இந்தத் தடவை புரிந்திருக்கும் என்று டெய்லர் நினைத்தார். புரியாமல் இருக்க இதில் என்ன இருக்கிறது? இயக்குநர் வாய் திறப்பதைப் பார்த்து, கைகூடக் கூப்பிவிட்டார்.

"குறிச்சுக்கோங்க" என்றார் இயக்குநர். "நாற்காலிகள் ஆலோசகருக்குத் திருப்தி. கால் நீட்ட இன்னும் கொஞ்சம் இடம் வேணும்."

குறித்துக்கொண்டார்கள். ஒருங்கிணைப்பாளர் டெய்லர் பக்கத்தில் வந்து குனிந்தாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் எழுந்துக்கறீங்களா? இது பங்கேற்பாளர் நாற்காலி."

டெய்லர் எழுந்துகொண்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துச் சீருடைகளைக் கொடுக்க வேண்டிய நாள். இதையும் தவறவிட்டால் அடுத்த வருடத் தையல் வேறு கடைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். டெய்லர் மூட்டை கட்டினார். அண்ணன் சாப்பிட்டுக் காக்கிச் சட்டை போட்டுத் தயாராக நின்றார். கழுத்தில் விசிலும் நிலையத்து அட்டையும் ஒன்றோடொன்று சிக்கியிருந்தன. நேற்றைய திறப்பு விழாவில் நிலையத்தார் கொடுத்த நினைவுப் பரிசு, கட்டிங் மேசையில், வெட்டிய துண்டுத் துணிகள் பறக்காமல் பாரமாக உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, நீ உள்ள இரு. சுருக்கா வந்துடறேன்."

"சரி தம்பி."

தம்பி என்றது தன்னைத் தெரிந்துதானா என்று டெய்லர் ஒரு கணம் நின்று பார்த்தார். சொல்ல முடியாது. பஸ்ஸில் அண்ணன் எல்லோரையும் தம்பி என்றுதான் சொல்லுவார்.

கதவைச் சாத்தினார். பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். தட்டுகிற சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நடந்தார். தட்டவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, நீளமாக, ஒரு விசில் வந்தது.

டெய்லரின் கால்கள் நின்றுவிட்டன. எதிர்க்கடையில் இஸ்திரிக்காரர் பெட்டியைக் கையில் தூக்கியபடி பார்த்தார். இரண்டு விசில் வராமல் வண்டியை எடுக்கக் கூடாது. டெய்லர் மூட்டையை இறக்காமல், காதைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றார்.